சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டின் கீழ்ப்பகுதியில் அமலராணி டீச்சர் ப்ளே ஸ்கூல் நடத்துகிறார். மாடியில் நான் இருக்கிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, காலையில் காபியுடன் பேப்பரை முழுசாகப் படித்து முடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. அது இன்றுவரை நிறைவேறவில்லை. தலையங்கத்துக்கு வருவதற்குள் கீழே அழுகை ஆரம்பித்துவிடும்.

இதில் டீச்சரைக் குறை சொல்லவும் வழியில்லை. வாடகைக்குக் கேட்டு வந்த அன்றே, "காலைல அழும் சார். ஜூன் மாசத்துல ரொம்ப அழும். உங்களால தாங்க முடியும்னா குடுங்க" என்று சொன்னார். வீடு கேட்டு வருகிறவர்கள் உண்மை பேசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த அதிர்ச்சியில் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

வாசலில் ஒரு போர்டு உண்டு. முயல் படம், அதற்குக் கீழே ஏதோ ஆங்கிலப் பெயர். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. டீச்சர் பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகிறவர் என்று தெரிந்ததும், இந்தத் தெரு அதைக் கான்வென்ட் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டது. திருமண் இட்ட அப்பாக்கள் முண்டியடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். காந்தி மார்க்கெட் பக்கம் வாழைத்தார் வியாபாரம் செய்யும் நல்லுசாமி, தன் மகன் பூவரசனை பைக்கில் முன்னால் உட்காரவைத்து ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து விட்டார். எல்லோரும் எதிர்பார்த்தது ஏ பி சி டி. டீச்சர் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

"எப்பங்க எழுத ஆரம்பிப்பீங்க?" என்று நல்லுசாமி பணிவாகக் கேட்டார்.

"விரல் கெட்டியாகட்டுங்க. ஏ பி சி டி எங்கயும் போயிடாது."

முன்பு ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. எடுத்தவர் அவர். மூன்று வயதுப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அழுத்தி எழுதவைக்கச் சொன்னார்கள். சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார். இங்கே பிள்ளைகள் கோதுமை மாவு பிசைந்தன. பட்டாணியையும் மொச்சையையும் கலந்துவிட்டுப் பிரித்தன. ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குத் தண்ணீர் ஊற்றின. அது என் மோட்டார் ஏற்றிய தண்ணீர். இதைப் பற்றி டீச்சரிடம் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை.

ஆனால் ஸ்கூலின் பெயர் பரவியதும், பாதிப் பேர் டீச்சரைத் திட்டியதும் அவர் போட்ட ஒரு சட்டத்துக்காக. குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதனிடம் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது.

நம் வழக்கம் வேறு. "அதோ பார் காக்கா" என்போம். குழந்தை காக்காவைப் பார்த்து முடிப்பதற்குள் அப்பா தெருமுனை தாண்டியிருப்பார். டீச்சரிடம் அது நடக்காது. அப்பாவோ அம்மாவோ குழந்தைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்த்து, எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணிக்கு என்று சொன்னால் செல்லாது, அந்த வயதுக்கு மணி தெரியாது. "நீ சாதம் சாப்பிட்டு, கதை கேட்டு, செருப்பு மாட்டினதும் வருவேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி வந்து நிற்க வேண்டும். சொல்லி முடித்ததும் தயங்காமல் போய்விட வேண்டும். குழந்தை அழும். ஆயா இருசம்மாள் தூக்கிக்கொள்வார்.

"அழட்டுங்க" என்பார் டீச்சர். "அழுதா ஒண்ணும் ஆயிடாது. திரும்பிப் பாக்கறப்ப ஆள் இல்லன்னா, அப்புறம் அது யாரையும் நம்பாது."

நல்லுசாமிக்கு இது சுலபமாக வரவில்லை. விடியும் முன்பே மார்க்கெட்டில் நின்று பெரிய பெரிய வியாபாரிகளோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், பூவரசனுக்கு எதிரே குந்தியதும் வாயடைத்துப் போனார். "தம்பி... அப்பா வந்து..." என்று ஆரம்பித்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பூவரசன் அவரைப் பார்த்து அழ, அவர் பூவரசனைப் பார்த்து அழ, இருசம்மாள் யாரை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் நின்றார். நான் மாடியில் பேப்பரை மடித்துவைத்தேன்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை டீச்சர் ஒரு நாள் மாடிப்படியில் நின்றபடி சொன்னார். அவருக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துவிட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, மணப்பாறைப் பக்கம் சிஸ்டர்கள் நடத்திய ஒரு விடுதிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனார். "பிஸ்கட் வாங்கிட்டு வரேன்" என்று வெளியே போனவர் கிறிஸ்மஸுக்குத்தான் வந்தார். பிஸ்கட்டும் கொண்டுவந்தார்.

"நல்லவருதாங்க எங்கப்பா. நான் அழுதா தாங்க மாட்டாரு, அதான்" என்றார் டீச்சர், தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று சொல்கிற அதே குரலில். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் தைரியராஜ், டீக்கடைக்குப் போவதானாலும் எங்கே போகிறேன், எதைக் குடித்துவிட்டு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாராம். பாலக்கரையில் அவரைக் கேலி செய்வார்களாம். அவர் பழகிக்கொண்டார்.

இந்த ஊருக்கே உரிய ஒரு தவறும் இந்தச் சட்டத்தால்தான் வெளியே வந்தது. யதுகிரி என்று ஒரு குழந்தை. அவள் அம்மா தில்லை நகரில் பல் டாக்டர். டீச்சர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, காலையில் மகளுக்கு எதிரே முறைப்படி குந்தி உட்கார்ந்து, "பெருமாளை சேவிச்சுண்டு வந்துடறேன்டா கண்ணா" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி க்ளினிக்குக்குப் போய்விடுவார். மதியம் அத்தை வந்து குழந்தையை அழைத்துப்போவார். அம்மா வர சாயங்காலம் ஆகும். ஸ்ரீரங்கத்தில் இதைப் பொய் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பெருமாள் பெயரைச் சொல்லிக் கிளம்புவது நல்லதுதானே, கோயிலும் பக்கத்தில்தானே இருக்கிறது.

ஆடி மாதம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனார்கள். கோபுர வாசலில் யதுகிரி தரையில் படுத்துக்கொண்டாள். உள்ளே வர மாட்டேன் என்றாள். பெருமாள் வேண்டவே வேண்டாம் என்றாள். பூக்கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்தினாள். ஆசாரமான வைஷ்ணவக் குடும்பத்துக் குழந்தை ரங்கநாதர் வேண்டாம் என்று கோபுரத்தடியில் புரண்டால் அந்த வீட்டில் அன்று யாருக்குச் சோறு இறங்கும்? மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"குழந்தைக்கு இங்க என்ன சொல்லிக் குடுக்கறேள்? எங்களுக்குத் தெரிஞ்சாகணும்."

எனக்கும் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது, பால்கனிக்கு வந்து நின்றேன். கிறிஸ்தவர் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெருவுக்குப் புரிந்தது. டீச்சர் குழந்தை பக்கம் திரும்பினார். யதுகிரிக்கு எதிரே உட்கார்ந்து, "பெருமாள் மேல உனக்கு என்ன கோவம்?" என்று கேட்டார்.

"அவர் அம்மாவை விடவே மாட்டேங்கறார்" என்றாள் யதுகிரி. "தினமும் பிடிச்சு வெச்சுக்கறார்."

அப்பா குனிந்து மகளின் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினார். அடுத்த நாள் பல் டாக்டர் அம்மா வந்து, "நான் எல்லாருக்கும் பல்லு பாக்கப் போறேன். நீ ஆத்துக்குப் போய், தூங்கி எழுந்து, பால் குடிச்சதும் வருவேன்" என்றார். யதுகிரி அந்த வாரம் முழுக்க அழுதாள். பிறகு பெருமாளோடு சமாதானமாகிவிட்டாள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் டீச்சருக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. கொஞ்ச நாளாகவே வயிற்று வலியை மறைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மாடிக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"எடுத்துப் பாத்தாதான் என்ன கட்டின்னு சொல்ல முடியுமாம் சார்."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"அதையும் எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியுமாம்."

அதுவரை ஸ்கூலைப் பார்த்துக்கொள்ளத் தங்கை மகள் பெலிண்டாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். பெற்றோர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். பெற்றோர்கள் உடனே பொய்களைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லலாம் என்றார் ஒருவர். டீச்சருக்கு வேறு ஊர் கிடையாது. வேளாங்கண்ணிக்கு என்று சொல்லலாம் என்றார் யதுகிரியின் அப்பா, பெருந்தன்மையாக. இருசம்மாள் மட்டும் சட்டத்தை மதித்து யோசித்தார்.

"சமயபுரம் போயிருக்காங்கன்னு சொல்லுவோம். பொய்யாயிடாம, டீச்சருக்குப் பதிலா நான் போய் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் நடக்காதுங்க" என்றார் டீச்சர். "நானே பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் சொல்லிவிட்டுத்தான் போவார் என்று எல்லோரும் நினைத்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடியும் மாடி ஏறி வந்தார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"பின்வாசல் சாவி வேணும் சார். நாளைக்கு மட்டும்."

கீழ்வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் மோட்டாரும் ஒரு தென்னை மரமும் நிற்கிற சந்து இருக்கிறது. அதன் கடைசியில் உள்ள கதவு பின்தெருவில் திறக்கும். குழந்தைகள் ஓடிவிடக் கூடாது என்று நான் அதை எப்போதும் பூட்டியே வைத்திருப்பேன்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆட்டோவ அந்தப் பக்கமா வரச் சொல்லியிருக்கேன்."

"நீங்களா டீச்சர்?"

அவர் உட்காரவில்லை. "எப்ப வருவீங்கன்னு புள்ளைங்க கேக்கும் சார். என்னன்னு சொல்றது? சாதம் சாப்பிட்டதும் வரேன்னா பொய். நாளைக்கு வரேன்னா பொய். வரேன்னு சொல்றதே பொய்யாப் போயிடலாம். வராமலும் போகலாம்னு மூணு வயசுப் புள்ளைகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இத்தன பேர வெரட்டி வெரட்டிச் சொல்ல வெச்சேன். எனக்கு வாய் வரமாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சட்டத்துக்காக ஜூன் மாதம் தவறாமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் நான். கடைசியில் சட்டம் போட்டவரே காக்காவைக் காட்டிவிட்டு ஓடுவதென்றால் இத்தனை அழுகையையும் நான் எதற்காகக் கேட்டேன்? ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் என்ன வாதம் செய்ய முடியும்? சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் எனக்கு வந்தது கோபமே இல்லை, பயம் என்று தெரிந்தது. அவர் திரும்பி வராமல் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் வழக்கம்போல வந்து பெலிண்டாவிடம் ஸ்கூலை ஒப்படைத்த பிறகு, ஆட்டோ பின்தெருவில் வந்து நின்றது. உள்ளே தைரியராஜ் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் போனதும் கதவைப் பூட்ட வேண்டுமே என்று நான் கீழே இறங்கித் தென்னை மரத்தடியில் நின்றேன்.

அந்த நேரத்தில் கூடத்தில் பெருமாள் புறப்பாடு நடந்துகொண்டிருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை வந்ததுமே வந்துவிடுகிற விளையாட்டு அது. ஒரு பலகை, அதன் மேல் பெருமாளாக ஒரு பொம்மை, தூக்குவதற்கு நான்கு பேர், பிடிப்பதற்கு ஒரு குடை. நாதஸ்வரம் வாயாலேயே வாசித்துக்கொள்வார்கள். டீச்சர் வந்த புதிதில், "இது தப்பாங்க?" என்று என்னிடம் சந்தேகம் கேட்டார். தப்பென்றால் இந்தத் தெருவில் பாதிப் பேர் நரகத்துக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னேன். அன்றைக்குப் பெருமாள் ஒரு கண் இல்லாத கரடி. பூவரசன் குடை பிடித்தான். யதுகிரி முன்னால் நடந்து, வழியில் இல்லாத கூட்டத்தை விலகச் சொன்னாள். வழக்கமாகக் கூடத்தைச் சுற்றிவிட்டுக் கரடி அலமாரிக்குத் திரும்பிவிடும். பெலிண்டாவுக்கு அது முதல் நாள், எல்லை தெரியாது. புறப்பாடு சமையலறைக்குள் நுழைந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இருசம்மாளைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பியது.

டீச்சர் பின்கதவில் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். தோளில் பை, காலில் செருப்பு.

பெருமாள் நின்றார். நாதஸ்வரமும் நின்றது.

"எங்க போறேள் டீச்சர்?" என்று யதுகிரி கேட்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலியோடு மெல்லக் குந்தி அவர்கள் உயரத்துக்கு வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"ஊசி போடுவாங்களா?" என்றான் பூவரசன்.

"போடுவாங்க. என் வயித்துக்குள்ள ஒரு கட்டி இருக்கு. அத வெட்டி எடுப்பாங்க."

"வலிக்குமா?"

"வலிக்கும். எனக்கு பயமாத்தான் இருக்கு."

"எப்ப வருவேள்?" என்றாள் யதுகிரி. "சாதத்துக்கு அப்புறமா?"

"இல்லம்மா."

"தூங்கி எழுந்து பால் குடிச்ச அப்புறமா?"

"இல்ல. நெறைய சாதத்துக்கு அப்புறம், நெறைய தூக்கத்துக்கு அப்புறம். எத்தனன்னு எனக்குத் தெரியல. வரணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா தெரியல."

பலகையைத் தூக்கியிருந்தவர்களில் ஒருவன் கை மாற்றிக்கொண்டான். பிள்ளைகள் அழவில்லை. போகிறவர் யாரும் இப்படிப் பதில் சொல்லி அவர்கள் கேட்டதில்லை, அதனால் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அழுதது டீச்சர்தான். முதலில் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்தார். பிறகு அடக்க முடியாமல், வாய் கோணி, தோள் குலுங்க, விக்கி விக்கி அழுதார்.

யதுகிரி அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஆயா! டீச்சர் அழறா. தூக்கிக்கோங்கோ."

இருசம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தார். டீச்சர் அவரைவிட இரண்டு சுற்றுப் பெரிய ஆள், தூக்க முடியாது. கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவரும் தரையில் உட்கார்ந்து, டீச்சரின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். நல்லபடியா வந்துடுவீங்க என்று சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லக் கூடாது என்று அந்த ஸ்கூலில் வேலை பார்த்த ஆளுக்குத் தெரியும். "ம்... ம்..." என்று மட்டும் சொன்னார்.

பின்தெருவில் ஆட்டோ ஹார்ன் அடித்தது. நான் கதவைத் திறந்துகொண்டு போய் ஆட்டோக்காரரைத் திட்டினேன். ஒரு ஆள் அழுது முடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியாதா என்று கேட்டேன். ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தச் சொன்னேன். தைரியராஜ் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

டீச்சர் எழுந்து முகம் கழுவிக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே போய், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், எப்போது வருவேன் என்று தெரியாது என்று தனித்தனியாகச் சொன்னார். பெலிண்டாவிடமும் சொன்னார். என்னிடமும் வந்து சொன்னார். பிறகு முன்வாசல் வழியாக நடந்து போய் ஆட்டோவில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள், கரடியைக் கீழே போட்டுவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில். யதுகிரி இருசம்மாளின் ஒரு இடுப்பில் ஏறிக்கொண்டாள், இன்னொரு பையன் மறு இடுப்பில். பெலிண்டாவும் அழுதுகொண்டிருந்ததால் அவள் யாருக்கும் உதவவில்லை. பூவரசன் குடையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து அலறினான். இருசம்மாளுக்கு இருப்பது இரண்டு கைதான். அவனை நான் குடையோடு தூக்கிக்கொண்டேன்.